ஒழுக்கு

'ஒழுகு' என்ற சொல்லின் ஆழத்தை எனக்கு உணர்த்தியது இலக்கண நூல் அன்று. ஒரு பழைய மோட்டார் சைக்கிள். கூரை ஒழுகுகிறது என்கிறோம். நன்னெறியில் ஒழுகுகிறான் என்றும் சொல்கிறோம். குறைக்கும் நிறைக்கும் ஒரே வேர்ச்சொல்லை வைத்த நம் முன்னோர் என்ன நினைத்து அப்படிச் செய்தார்களோ! இந்த வினாவை 1986ஆம் ஆண்டு கோடையில் என் தந்தையார் என்னிடம் எழுப்பினார். அப்போது நான் முழங்கை வரை கரிய எண்ணெய் படிந்த கைகளோடு, தில்லி சரோஜினி நகர் அரசுக் குடியிருப்பின் முற்றத்தில் வண்டிக்குப் பக்கத்தில் குந்தியிருந்தேன். ஆகவே அந்த வினாவின் நயம் அன்று எனக்கு எட்டவில்லை, எரிச்சல்தான் எட்டியது.

அந்த வண்டி எங்கள் வீட்டுக்கு வந்ததே தந்தையாருக்காகத்தான். 1983இல் என் தாயார் மறைந்தார். மாயவரத்து வீட்டில் தந்தையாரைத் தனியே விட்டுவைக்க மனம் வரவில்லை. வீட்டை விற்று, அவரைத் தில்லிக்கு அழைத்து வந்தேன். முப்பத்து நான்கு ஆண்டுகள் தமிழாசிரியராக நின்றே பாடம் சொன்னவர்; முழங்கால்கள் அந்த ஆண்டுகளின் கணக்கை அப்போதுதான் கேட்கத் தொடங்கியிருந்தன. தில்லிப் பேருந்தின் படி அவருக்கு எட்டாத உயரம். இருசக்கர வண்டியின் பின்னிருக்கையில் காலைப் போட்டு ஏறி உட்காரவும் இயலாது. அந்நாளில் ஸ்கூட்டரோடு சைட்கார் பூட்டி, குடும்பம் முழுவதையும் ஏற்றிச் செல்வது தில்லித் தெருக்களில் அன்றாடக் காட்சி. ஆனால் ஸ்கூட்டருக்குப் பெயர் பதிந்துவிட்டு ஆண்டுக்கணக்கில் காத்திருக்க வேண்டும். அலுவலக நண்பர் ஒருவர் மாற்றலாகிச் சென்றபோது, சைட்கார் பூட்டிய தம் பழைய புல்லட் வண்டியை எனக்கு விற்றுவிட்டுப் போனார். 1962ஆம் ஆண்டு வண்டி, பச்சை நிறம், மூன்று சக்கரம்.

வண்டி வந்த அன்று தந்தையார் அதைச் சுற்றி வந்து பார்த்தார். "எந்த ஊரில் செய்தது?" என்று கேட்டார். "திருவொற்றியூர்" என்றேன். அவர் முகம் மலர்ந்துவிட்டது. இங்கிலாந்தில் பிறந்த இயந்திரம் அது. சென்னையின் மெட்ராஸ் மோட்டார்ஸ் நிறுவனம் 1955இல் ஆங்கில நிறுவனத்தோடு கூட்டுச் சேர்ந்து அதை இங்கே கொண்டுவந்தது. திருவொற்றியூரில் தொழிற்சாலை எழுந்தது. 1970ஆம் ஆண்டோடு தாய் நிறுவனம் இங்கிலாந்தில் மறைந்துபோயிற்று. திருவொற்றியூரில் மட்டும் வண்டி தொடர்ந்து உருவாயிற்று. 1977 முதல் பிறந்த நாட்டுக்கே ஏற்றுமதியும் ஆயிற்று. இவற்றையெல்லாம் நான் சொல்லிக்கொண்டிருக்க, தந்தையாரின் எண்ணம் வேறெங்கோ இருந்தது. "திருவொற்றியூர் என்றால் எனக்குத் தியாகேசர் தெரியும், பட்டினத்தார் சமாதி தெரியும். இது தெரியாமல் போயிற்று. பார், இதுவும் நம்மைப்போல் வடக்கே வந்து பிழைக்கிறது" என்றார்.

சைட்கார் வண்டி ஓட்டுவது தனிக் கலை. நம் நாட்டில் அது இடப்பக்கம் பூட்டப்படும். வேகம் கூட்டினால் வண்டி இடப்பக்கம் இழுக்கும். பிரேக்கை அழுத்தினால் வலப்பக்கம் ஓடும். இடப்பக்கம் திரும்பும்போது சைட்காரில் ஆள் இல்லையென்றால் அதன் சக்கரம் தரையை விட்டு எழும்பிவிடும். தந்தையார் உட்கார்ந்திருந்தால் வண்டி அடக்கமாகப் போகும். ஞாயிறுதோறும் இராமகிருஷ்ணபுரத்து மலை மந்திருக்கு முருகனைத் தரிசிக்கச் செல்வோம். வெள்ளை வேட்டியும் மேல்துண்டும் அணிந்து, மடியில் குடையை வைத்துக்கொண்டு, தேரில் அமர்ந்தவர்போல் அமர்ந்திருப்பார். அவ்வளவு ஓசைக்கு நடுவில்தான் அவர் பேசுவார். ஏதோ பேசிக்கொண்டே வருகிறார் என்பது தெரியும். என்ன பேசுகிறார் என்பது காதில் விழாது. "ஆமாம் அப்பா, ஆமாம்" என்று தலையை ஆட்டிக்கொண்டே ஓட்டுவேன்.

வீட்டில் அவர் அதிகம் பேசுவதில்லை. அதற்குக் காரணம் நான். வந்த புதிதில் நாள் முழுதும் மாயவரத்து வீட்டைப் பற்றியே பேசுவார். திண்ணையின் வழவழப்பு, கிணற்றடி மாமரம், மழை நாளில் என் தாயார் கூடத்தில் வரிசையாகப் பாத்திரம் வைப்பது. கேட்கக் கேட்க எனக்கு வீட்டை விற்ற குற்றவுணர்வு கனத்தது. ஒரு நாள் இரவு உணவின்போது, "விற்ற வீட்டைப் பற்றி இனிப் பேச வேண்டாம் அப்பா. பேசினால் உங்களுக்கும் துயரம், எனக்கும் துயரம்" என்று சொல்லிவிட்டேன். அவர் மறுமொழி கூறவில்லை. கையைக் கழுவிக்கொண்டு எழுந்தார். அதன்பின் பேசவும் இல்லை. வீடு அமைதியாயிற்று. நான் நல்லதைச் செய்ததாகவே நினைத்தேன்.

1986 மார்ச் மாதத்தில் வண்டி ஒழுகத் தொடங்கியது. முதலில் முற்றத்தில் ஒரு ரூபாய் நாணயம் அளவுக்கு ஒரு கறை. ஒரு வாரத்தில் அது தட்டளவு ஆயிற்று. கீழ்வீட்டுக் குழந்தைகள் அதில் கால்வைத்து, அந்தக் காலோடு கூடத்துக்குள் ஓடினார்கள். கீழ்வீட்டு அம்மையார் பண்புடையவர். ஒன்றும் சொல்லாமல் ஒரு பழைய சாக்கைக் கொண்டுவந்து வண்டிக்கு அடியில் விரித்துவிட்டுப் போனார். அவர் கடிந்து பேசியிருந்தால்கூட எனக்கு அவ்வளவு வெட்கமாக இருந்திராது.

எண்ணெய் வந்த இடம் கண்ணுக்குத் தெரிந்தது. எஞ்சினின் வலப்பக்கம், உருளைக்கு அடியில், டாப்பெட்டுகளை மூடியிருக்கும் சிறு தகட்டு மூடி. அதை ஒரே ஒரு நட்டுதான் பிடித்திருக்கிறது. நான் ஸ்பேனரை எடுத்து இறுக்கினேன். இரண்டு நாள் நின்றது. மறுபடி ஒழுகிற்று. மேலும் இறுக்கினேன். இறுக்க இறுக்க ஒழுக்கு கூடியதே தவிர, குறையவில்லை. பக்கத்துப் பட்டறைக்காரர் ஒருவர் மூடியின் ஓரமெல்லாம் அரக்குப் பசையைப் பூசி அனுப்பினார். வலப்பக்கம் நின்றது, நான்காம் நாள் இடப்பக்கம் செயின் பெட்டியின் மூட்டில் எண்ணெய் எட்டிப் பார்த்தது. வேறொருவர் செயின் பெட்டியை இறுக்கிவிட்டு, இன்னும் கெட்டியான எண்ணெயை ஊற்றச் சொன்னார். ஒரு வாயை அடைத்தால் மற்றொரு வாய் திறந்தது. இந்த வேளையில்தான் தந்தையார் மாடியிலிருந்து மெல்ல இறங்கி வந்து, 'ஒழுகு' என்ற சொல்லைப் பற்றிய தம் ஐயத்தை என்முன் வைத்தார். வள்ளுவர் ஓர் அதிகாரத்துக்கே ஒழுக்கமுடைமை என்று பெயர் வைத்திருக்கிறாரே என்று அவர் தொடர, நான், "அப்பா, தயவுசெய்து மேலே போங்கள்" என்றேன். போய்விட்டார். அந்த மாதம் மூன்று ஞாயிறுகள் மலை மந்திருக்குப் போக முடியவில்லை. மூன்று வாரமும் அவர் சன்னலருகே உட்கார்ந்தே இருந்தார்.

கரோல் பாகில் ஒரு முதிய சீக்கியர் இருக்கிறார், அவரிடம் போ என்று அலுவலகத்தில் ஒருவர் வழி சொன்னார். தந்தையார் தாமும் வருவதாகச் சொன்னார். எண்ணெய்ப் பட்டறையில் அவருக்கு என்ன வேலை என்று தோன்றினாலும், மூன்று வாரம் வெளியே போகாதவரை வேண்டாம் என்று சொல்ல மனம் வரவில்லை. அடியில் ஒரு டப்பாவைக் கட்டிக்கொண்டு, ஒரு சனிக்கிழமை காலையில் புறப்பட்டோம்.

அந்தப் பட்டறை இரண்டு கடைகளுக்கு நடுவில் ஒரு சந்து, மேலே தகரம். எல்லாரும் அவரை உஸ்தாத் என்று அழைத்தார்கள். 1947இல் லயால்பூரிலிருந்து குடும்பத்தோடு வந்தவர். வந்தவுடன் அவருக்குச் சோறு போட்ட தொழில் பட்பட்டி. இளைய தலைமுறைக்கு அந்தப் பெயர் தெரியாமல் இருக்கலாம். இரண்டாம் உலகப் போர் முடிந்தபின் இராணுவம் கழித்துவிட்ட பெரிய அமெரிக்க மோட்டார் சைக்கிள்களை வாங்கி, பின்புறத்தை அறுத்து, இரண்டு சக்கரமும் இருக்கைகளும் பொருத்தி, வாடகை வண்டியாக்கினார்கள். கனாட் பிளேசுக்கும் பழைய தில்லிக்கும் இடையே அவை 'பட் பட்' என்று ஓடின. 1998இல் காற்று மாசு காரணமாகத் தெருவிலிருந்து நீக்கப்படும் வரையில் அவை தில்லியின் அடையாளங்களில் ஒன்று. உதிரிப்பாகம் கிடைக்காத அந்த வண்டிகளைக் கையால் செய்த பாகங்களைக்கொண்டே ஓடவைத்தவர்களில் உஸ்தாதும் ஒருவர்.

அவர் வண்டியைப் பார்க்கவில்லை. முதலில் என்னைப் பார்த்தார். "எப்போது தொடங்கியது, பாபுஜி?" என்றார்.

"மார்ச்சில்."

"அதற்கு முன்னால் வண்டிக்கு என்ன செய்தீர்கள்?"

"ஒன்றும் செய்யவில்லை. எண்ணெய் வந்தபிறகுதான் இறுக்கினேன்."

அவர் தலையை அசைத்தார். பையன் ஒருவனைக்கொண்டு எஞ்சின் முழுவதையும் மண்ணெண்ணெயால் கழுவித் துடைக்கச் சொன்னார். உலர்ந்ததும், முகத்துக்குப் பூசும் பவுடரை ஒரு துணியில் கட்டி எஞ்சின்மேல் தட்டினார். கரிய இயந்திரம் திருநீறு பூசியதுபோல் வெளுத்து நின்றது. தந்தையார் வாய்விட்டுச் சிரித்தார். "பூசா சாலை வரையில் ஓட்டிவிட்டுத் திரும்பி வாருங்கள்" என்றார் உஸ்தாத். வந்தேன். பவுடரின்மேல் ஈரம் எங்கே முதலில் படர்கிறது என்பது கோடு கிழித்ததுபோல் தெரிந்தது. ஓரிடத்தில் அன்று, நான்கு இடங்களில்.

"நான்கு பேக்கிங்கும் ஒரே மாதத்தில் கெடுமா?" என்று அவர் தமக்குள் கேட்டுக்கொண்டார். எஞ்சினை மெல்ல ஓடவிட்டு, எண்ணெய் ஊற்றும் வாயின் மூடியைத் தளர்த்தினார். 'புஸ்' என்று காற்று சீறிற்று. அவர் முகத்தில் ஒரு தெளிவு வந்தது. எஞ்சினை நிறுத்திவிட்டு இடப்பக்கம் வந்து, சைட்காருக்கும் வண்டிக்கும் இடையில் கையை விட்டுத் துழாவினார். ஒரு ரப்பர் குழாயின் நுனியை வெளியே இழுத்தார். அதன் வாயில் துணி அடைத்து, கம்பியால் இறுகக் கட்டியிருந்தது.

"இது யார் வேலை?"

என் வேலைதான். பிப்ரவரியில் ஒரு ஞாயிறு, மலை மந்திரில் இறங்கியபோது தந்தையாரின் வெள்ளை வேட்டியில் எண்ணெய்த் துளிகளின் கறை இருந்ததைக் கண்டேன். அந்தக் குழாயின் நுனியிலிருந்து ஓரிரு துளி காற்றில் தெறித்து வந்ததையும் கண்டுபிடித்தேன். வீட்டுக்கு வந்ததும் துணியை வைத்து அடைத்துக் கம்பியும் சுற்றினேன். கறை நின்றது. வேலை முடிந்ததென்று மறந்தும் போனேன்.

உஸ்தாத் சினக்கவில்லை. பள்ளிப் பிள்ளைக்குச் சொல்வதுபோல் விளக்கினார். பிஸ்டன் கீழே இறங்கும்போது அதன் அடியில் உள்ள அறையின் காற்று நசுங்குகிறது. இந்த எஞ்சினின் கொள்ளளவு 346 சி.சி.; ஒவ்வொரு இறக்கத்திலும் அவ்வளவு காற்று இடம் தேடுகிறது. நிமிடத்துக்கு 3,000 சுற்று ஓடினால், நொடிக்கு 50 முறை. அந்தக் காற்று வெளியேறத்தான் இந்தக் குழாய். அதன் நுனியில் வாத்தின் அலகுபோல் ஒரு ரப்பர் வாய் உண்டு, பிஸ்டன் இறங்கும்போது அது திறந்து மூச்சை விடும், ஏறும்போது மூடிக்கொள்ளும். அதனால் உள்ளே அழுத்தம் குறைவாக இருந்து, எண்ணெய் உள்ளேயே தங்குகிறது. மூச்சோடு ஓரிரு துளி வரத்தான் செய்யும். வாயைக் கட்டிவிட்டால், அந்த அழுத்தம் எண்ணெயை எந்த மூட்டு இளைத்திருக்கிறதோ அந்த மூட்டின் வழியே தள்ளும்.

"இந்த எஞ்சினில் ஒரு குற்றமும் இல்லை பாபுஜி. நீங்கள் ஒழுக்கை நிறுத்தினீர்கள், அதனால்தான் ஒழுகுகிறது" என்று முடித்தார்.

நான் இதைத் தமிழில் தந்தையாருக்குச் சொன்னேன். அவர் சற்று நேரம் குழாயையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "வேட்டியில் கறை படுகிறதென்று நான் உன்னிடம் சொல்லவில்லையே அப்பா" என்றார். அவ்வளவுதான் சொன்னார்.

அன்று முழுவதும் வேலை நடந்தது. நான் மிகையாக இறுக்கியதில் டாப்பெட் மூடி நடுவில் குழிந்து, ஓரம் தூக்கியிருந்தது. உஸ்தாத் அதைத் தட்டி நிமிர்த்தி, கண்ணாடிப் பலகைமேல் உப்புத்தாளை விரித்து, எட்டு வடிவில் தேய்த்துச் சமமாக்கினார். பேக்கிங் காகிதத்தை மூட்டின்மேல் வைத்து, சிறு சுத்தியலால் ஓரத்தைத் தட்டித் தட்டியே அளவாக வெட்டி எடுத்தார். கத்தரிக்கோல் தொடவே இல்லை. செயின் பெட்டியின் ரப்பர் வளையத்தை மாற்றினார். மூச்சுக்குழாய்க்குப் புதிய ரப்பர் வாய் பொருத்தி, குழாயை நீளமாக்கிப் பின்னால் கொண்டுபோய், பின்சக்கரச் செயின்மேல் துளி விழும்படி கட்டினார். "மாஸ்டர்ஜியின் வேட்டிக்கும் ஆபத்தில்லை, செயினுக்கும் எண்ணெய் ஆயிற்று" என்றார்.

வேலைக்கு நடுவில், எண்ணெய் ஓரிடத்தில் தெரிந்தாலும் பிறக்கும் இடம் வேறு என்று அவர் சொன்னதை நான் மொழிபெயர்த்தேன். தந்தையார் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார். "எங்கள் வீட்டு ஓட்டுக்கூரையும் அப்படித்தான் என்று அவரிடம் சொல்" என்றார். நான் தயங்கினேன். "சொல்" என்றார் மறுபடியும். சொன்னேன்.

அடைபட்டது திறந்துகொண்டது. கூடத்தில் நீர் சொட்டும் இடத்துக்கு நேர்மேலே ஓடு உடைந்திருக்காதாம். உடைந்தது முகட்டருகே இருக்கும். நீர் மரச்சட்டத்தின் வழியே ஊர்ந்து வந்து, வேறெங்கோ சொட்டும். ஓடு மாற்ற வருபவர் கூரை மேல் ஒரு குடம் நீரை ஊற்றச் சொல்லி, உள்ளே சட்டங்களைத் தடவிக்கொண்டே போய் இடத்தைக் கண்டுபிடிப்பாராம். ஒரு ஐப்பசி அடைமழையில் என் தாயார் பதினொரு பாத்திரம் வைத்தாராம்; ஒவ்வொன்றும் ஒவ்வொரு சுருதியில் ஒலிக்க, அவரே எழுந்து சிரித்துவிட்டாராம். நான் ஒவ்வொரு வாக்கியமாக இந்தியில் சொன்னேன். உஸ்தாத் சுத்தியலை நிறுத்திவிட்டுக் கேட்டார். பிறகு லயால்பூரில் தம் வீட்டு மண்கூரையைப் பற்றிச் சொன்னார். மழைக்கு முன் அவர் தாயார் அதன்மேல் வைக்கோல் கலந்த சேறு பூசுவதைப் பற்றிச் சொன்னார். அதை நான் தமிழில் சொன்னேன். இரண்டு முதியவர்களும் திரும்பப் போக முடியாத இரண்டு வீடுகளை எனக்கு இருபுறமும் கட்டி எழுப்பிக்கொண்டிருந்தார்கள். நடுவில் நான் ஒரு குழாயாக இருந்தேன். தந்தையார் அழவில்லை. துயரப்படுவார் என்று நான் அஞ்சியதற்கு மாறாக, மூன்று ஆண்டுகளில் நான் காணாத ஒளி அவர் முகத்தில் இருந்தது.

புறப்படும்போது உஸ்தாத் ஸ்பேனரை என் கையில் வைத்து, நட்டை எவ்வளவு இறுக்கலாம் என்று காட்டினார். "மணிக்கட்டால் இறுக்குங்கள், தோளால் இறுக்காதீர்கள்" என்றார்.

ரிட்ஜ் காட்டுச் சாலை வழியே திரும்பினோம். தந்தையார் வழக்கம்போல் ஏதோ பேசிக்கொண்டு வந்தார். வழக்கம்போல் எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. ஒரு வேப்பமரத்தடியில் வண்டியை நிறுத்தி எஞ்சினை அணைத்தேன். அவர் திடுக்கிட்டு, "மறுபடியும் ஒழுகுகிறதா?" என்று கேட்டார்.

"இல்லை அப்பா. நீங்கள் சொல்வது கேட்கவில்லை. மறுபடி சொல்லுங்கள்."

அவர் என்னை ஐயத்தோடு பார்த்தார். பிறகு, "கிணற்றடி மாமரம் இந்நேரம் காய்த்திருக்கும்" என்றார். அங்கேயே அரைமணி நேரம் நின்றோம்.

வண்டி அதன்பின் ஒழுகவில்லை என்று சொன்னால் மிகையாகும். அவ்வப்போது செயினடியில் ஓரிரு துளி விழும். சாக்கின்மேல் அதைக் காணும்போது மனம் நிம்மதி அடையும். தந்தையார் 1991இல் காலமானார். அதுவரை மாயவரத்து வீட்டைப் பற்றிச் சொன்னதையே சொன்னார். பதினொரு பாத்திரங்கள் பின்னர் பதின்மூன்று ஆயின. நான் திருத்தவில்லை.

அவர் போனபின் சைட்காரைக் கழற்றிவிடும்படி பலர் கூறினார்கள். கழற்ற மனமில்லை. ஆனால் ஆளில்லாத சைட்கார் இடப்பக்கத் திருப்பங்களில் எழும்பியது. ஒரு சாக்கில் மணலை நிரப்பி, அவர் இருக்கையில் வைத்தேன். வண்டி பழையபடி அடக்கமாகப் போயிற்று. ஞாயிற்றுக்கிழமைகளில் மலை மந்திருக்குப் போகும்போது, எஞ்சின் ஓசைக்கு நடுவில், "ஆமாம் அப்பா" என்று என் தலை தானாக ஆடும்.